ஐந்து நிமிடத்தில் ஞானத்தை எடைபோடாதீர்கள்

மதுரையில் பாட்டும் வாத்தியமும் சொல்லித்தரும் ஆசிரியர்கள் அனைவருக்கும் வணக்கம்.

போன வைகாசியில் என் மகளைப் பாட்டு வகுப்பில் சேர்க்கக் கூட்டிப் போனேன். அவளுக்கு ஒன்பது வயது. சுருதிப் பெட்டியைப் போட்டு, "ஸா சொல்லும்மா" என்றார்கள். சொன்னாள், சுருதியோடு சேரவில்லை. இன்னொரு தரம் சொல்லச் சொன்னார்கள். பயத்தில் இன்னும் தள்ளிப் போனது. "குழந்தைக்கு சங்கீத ஞானம் இல்லை சார், வேற எதுலயாவது சேர்த்துவிடுங்க" என்று அவள் முன்னாலேயே சொல்லி அனுப்பிவிட்டார்கள். எல்லாம் சேர்ந்து ஐந்து நிமிடம் இருக்கும். அன்றிலிருந்து அவள் குளிக்கும்போது கூடப் பாடுவதில்லை.

அந்த ஆசிரியர் யார் என்று சொல்லப் போவதில்லை, அவர் மேல் இப்போது கோபமும் இல்லை. ஆனால் இதே வார்த்தையைக் கேட்டுத் திரும்பிய பெற்றோர் நாலைந்து பேரை எனக்குத் தெரியும். அதனால்தான் உங்கள் எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

என் அப்பா மீனாட்சி அம்மன் கோயில் எதிரே புதுமண்டபத்தில் தையல்காரராக இருந்தார். பள்ளி விட்டதும் நான் நேரே அங்கேதான் போவேன். தொழில் கற்க வரும் பையன்களுக்கு முதலில் காஜா, அதாவது பட்டன் ஓட்டையைச் சுற்றித் தைப்பது, அப்புறம் ஓரம் மடித்துத் தைக்கும் ஹெம்மிங். அது முடிந்தால் ஊசியில் நூல் கோக்காமல், கோடு போட்ட நோட்டுத் தாளை வைத்து மிஷினை மிதிக்க வேண்டும். ஓட்டை கோட்டின் மேலேயே விழ வேண்டும். கத்தரி கைக்கு வர இரண்டு வருஷமாவது ஆகும்.

ஒரு பையன் மூன்று மாதமாகக் காஜா போட்டும் துணி சுருங்கிக்கொண்டே இருந்தது. "இவனுக்குக் கை வராதுண்ணே" என்று பக்கத்துக் கடைக்காரர்கள் சொல்லிவிட்டார்கள். அப்பா ஒரு மத்தியானம் முழுக்க அவன் பக்கத்தில் உட்கார்ந்து கையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு முடிச்சு போட்டதும் நூலை ஒரு சுண்டு சுண்டுகிறான். "சுண்டாதே, படியவிடு" என்றார். அந்த வாரமே காஜா தட்டையாக விழ ஆரம்பித்தது. அவன் துணி வெட்டும் பெரிய கட்டர் ஆகிவிடவில்லை. அவனோடு சேர்ந்த இன்னொருவன் ஒரே வருஷத்தில் ஜாக்கெட் வெட்டினான். ஆளுக்கு ஆள் வித்தியாசம் உண்டு, அதை நான் மறுக்கவே இல்லை. ஆனால் காஜா சுருங்கிய பையனும் இன்றைக்குத் தையலில்தான் குடும்பம் நடத்துகிறான்.

திறமை பிறவியில் வருவதா, பயிற்சியில் வருவதா என்று ஆராய்ந்தவர்களும் ஒரே பக்கம் நிற்கவில்லை. உளவியல் ஆய்வாளர் ஆண்டர்ஸ் எரிக்சனும் உடனிருந்தவர்களும் பெர்லினில் வயலின் மாணவர்களை ஆராய்ந்து 1993-இல் எழுதினார்கள். மிகச் சிறந்தவர்கள் 20 வயதுக்குள் சராசரியாகப் பத்தாயிரம் மணி நேரம் தனியாக உட்கார்ந்து சாதகம், அதாவது பயிற்சி, செய்திருந்தார்கள். சரி, சாதகம்தான் எல்லாமா என்றால் அதுவும் இல்லை. 2014-இல் பல ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்குப் பார்த்தபோது, இசையில் ஒருவருக்கும் இன்னொருவருக்கும் உள்ள ஏற்றத்தாழ்வில் 21 சதவீதத்தைத்தான் பயிற்சியைக் கொண்டு விளக்க முடிந்தது. மிச்சத்தில் பிறவியும் இருக்கும், தொடங்கிய வயதும் இருக்கும், வீடும் இருக்கும், குருவும் இருப்பார். இத்தனையும் பின்னிக் கிடப்பதை ஒரு ஸாவை வைத்து எப்படிப் பிரிப்பீர்கள்?

நம் ஊரில் 1916-இல் பிறந்த எம்.எஸ். சுப்புலட்சுமியையே எடுத்துக்கொள்ளுங்கள். அவர் மேதை, அதில் யாருக்கும் சந்தேகமில்லை. ஆனால் அம்மா சண்முகவடிவு வீணைக் கலைஞர், பாட்டி அக்கம்மாள் வயலின் வாசித்தவர். பேச்சு வருவதற்கு முன்பே அந்தக் காதில் சுருதி விழுந்திருக்கும். என் மகள் காதில் விழுந்தது தையல் மிஷின் சத்தமும் டிவியும்தான். சுருதிப் பெட்டியையே அவள் அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தாள். நீங்கள் ஞானத்தைச் சோதிப்பதாக நினைக்கிறீர்கள். சோதிக்கப்படுவது எங்கள் வீடு. வீட்டில் பாட்டு இல்லாத பிள்ளைகள்தான் உங்கள் வாசலில் முதலில் வடிகட்டப்படுகிறார்கள்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. ஆறு மாதம் வைத்துக்கொள்ளுங்கள். ஆரம்பப் பாடங்களான சரளி வரிசையை மூன்று வேகத்திலும், ஜண்டை வரிசையையும் பாடவிட்டுப் பாருங்கள். அதன் பிறகும் வரவில்லை என்றால் எங்களைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லுங்கள், ஏற்றுக்கொள்கிறோம். பிள்ளை எதிரில் மட்டும் வேண்டாம். கச்சேரி மேடைக்கு நூற்றில் ஒருவர் போகட்டும். மற்றவர்களுக்கும் பாட்டு வேண்டாமா?

விஜயதசமிக்கு என் மகளை மறுபடி கூட்டி வருகிறேன். எந்த வகுப்பு என்று இன்னும் முடிவு செய்யவில்லை, உங்களில் யாராவது ஒருவரிடம்தான். அவள் ஸா சொல்லும்போது சேராவிட்டால், மேலே போகிறதா கீழே போகிறதா என்று அவளிடம் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு தகப்பன், மதுரை