என் கைக்குத் துணை நின்றவர்களுக்கு

அன்புள்ள எல்லாருக்கும் வணக்கம்.

நேற்று மதியம் பன்னிரண்டு முழம் மல்லிகை கட்டினேன். ஒரே மூச்சில் இல்லை, நான்கு தடவையாக எழுந்து எழுந்து உட்கார்ந்து. போன வருஷம் இதே நாளில் ஒரு முழம் முடிப்பதற்குள் வலது கட்டைவிரலில் தொடங்கி கழுத்து வரை வலி இழுத்துப் பிடிக்கும். மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டிலிருந்து மொட்டு வந்து இறங்கினாலே எனக்கு அழுகை வரும். அதனால்தான் இந்த மடலை எல்லாரும் பார்க்கும்படி எழுதுகிறேன்.

முதல் நன்றி என் தெரபிஸ்ட் மேடத்துக்கு. அதற்கு முன் ஓர் ஆஸ்பத்திரியில், "வயசாச்சும்மா, பூக் கட்டுறதை விட்டுருங்க" என்று அனுப்பிவிட்டார்கள். ஆக்குபேஷனல் தெரபி, அதாவது அன்றாட வேலைகளை மறுபடி செய்ய உதவும் சிகிச்சை, என்றதும் பிசியோதெரபிதான் என்று நினைத்துக்கொண்டு போனேன். நீங்கள் கேட்ட முதல் கேள்வியே வேறு: "வலி குறைஞ்சா முதல்ல எந்த வேலையைச் செய்வீங்க, அக்கா?" பூக் கட்டுவேன் என்றேன். மறுநாள் கூடையும் வாழைநாருமாக வரச் சொன்னீர்கள்.

தரையில் உட்கார்ந்து கட்டிக் காட்டினேன். நாற்பது வருஷமாக நான் கவனிக்காததை நீங்கள் பத்து நிமிஷத்தில் பார்த்துச் சொன்னீர்கள். ஒவ்வொரு முடிச்சுக்கும் மூச்சைப் பிடித்துக்கொள்கிறேன், தோள் காது வரைக்கும் ஏறுகிறது என்று. அப்புறம் முதுகு சாய நாற்காலி, முழங்கை உயரத்துக்குக் கூடை, 15 நிமிஷத்துக்கு ஒரு அலாரம். வலி இல்லாத நாளில் மொத்தத்தையும் கட்டிவிட்டு அடுத்த மூன்று நாள் படுத்துக்கிடந்த பழக்கம் அந்த அலாரத்தால்தான் நின்றது.

மைண்ட்ஃபுல்னஸ், அதாவது இந்த நொடியில் நடப்பதை அப்படியே கவனிப்பது, என்று நீங்கள் சொன்னபோது, கண்ணை மூடி உட்காரச் சொல்வீர்கள் என்று பயந்தேன். மொட்டு விரலில் படும் குளிர்ச்சியைக் கவனிக்கச் சொன்னீர்கள், நாரின் ஈரத்தை, முடிச்சு இறுகும் இடத்தை. வலி வந்தால் விரட்டாமல், எங்கே எப்படி இருக்கிறது என்று பார்க்கச் சொன்னீர்கள். பார்த்தேன். கட்டைவிரல் அடியில் எரிச்சலாக ஏறி, கொஞ்ச நேரத்தில் தளர்கிறது. 'கை போயிருமோ' என்ற பயம் அதன்மேல் ஏறி உட்கார்ந்த தனிச் சுமை. 1979-இல் அமெரிக்காவில் ஜான் கபாட்-ஜின் என்பவர் தீராத வலிக்காரர்களுக்குப் பயிற்சியாகத் தொடங்கியது இது, அதன் வேர் பௌத்தத் தியானத்தில் இருக்கிறது என்று நீங்கள் சொன்னதும் மனசில் நிற்கிறது.

ஆனால் என்னை மாற்றியது இன்னொரு நாள். கட்ட முடியாத என் கையைத் திட்டிக்கொண்டிருந்தேன், "தண்டக் கை" என்று. "பக்கத்து வீட்டு மதினிக்கு இந்த வலி வந்தா என்ன சொல்லுவீங்க?" என்று கேட்டீர்கள். "கொஞ்சம் கீழே வை மதினி, மிச்சத்தை நான் கட்டித் தாரேன்" என்று சட்டென்று வந்தது. "அதையே உங்க கைக்குச் சொல்லுங்க" என்றீர்கள். சொல்ல வாய் வரவில்லை, கண்ணில் தண்ணீர்தான் வந்தது. தன்னிரக்கம் என்றால் தன்னை நினைத்து அழுவது என்றுதான் நினைத்திருந்தேன். இது அதுவல்ல, பிறத்தியாருக்குக் காட்டும் கருணையில் நமக்கும் ஒரு பங்கு.

வலிக்காரர்கள் கூடிப் பேசும் புதன்கிழமைக் குழுவில் என்னோடு உட்கார்ந்த ஐந்து பேருக்கும் நன்றி. இட்லி மாவு ஆட்டுகிறவர், தறிக்காரர், தையல்காரர் என்று ஆளுக்கொரு வலி. எனக்கு மட்டும்தான் இந்த விதி என்று நினைத்திருந்ததை உங்கள் பேச்சுதான் போக்கியது.

குடம் தூக்கும் வேலையைக் கேட்காமலே எடுத்துக்கொண்ட வீட்டுக்காரருக்கும், அலாரம் அடித்ததும் "அத்தை, எந்திரிங்க" என்று குரல் கொடுக்கும் மருமகளுக்கும் நன்றி. முகூர்த்த நாளிலும் அரைக் கிலோவுக்கு மேல் கொடுப்பதில்லை என்று ஒத்துக்கொண்ட பூக்கடை அண்ணே, உங்களை மறக்கவே மாட்டேன்.

வலி முழுசாகப் போகவில்லை. நேற்றும் மூன்றாவது தடவையில் வந்தது. ஈரத்துணியால் கூடையை மூடிவிட்டு, "சரி, கொஞ்சம் இரு" என்று கைக்குச் சொன்னேன்.

மேடம், வெள்ளிக்கிழமை வரும்போது உங்களுக்கு இரண்டு முழம் எடுத்து வருகிறேன். நெருக்கமாகக் கட்டியது.

அன்புடன்,
செல்லூர் பூக்கார அக்கா