கவிதாவுக்கு லேப்டாப்

அன்புள்ள சேகருக்கு,

தங்கச்சிக்கு முட்டிவலி குறைந்தது என்று படித்ததும் நிம்மதி. இங்கே எல்லாரும் நலம். அம்மாதான் ஊருக்குப் போகணும் என்று நச்சரிக்கிறாள்.

கவிதாவுக்கு ரீஃபர்பிஷ்டு லேப்டாப், அதாவது திரும்பி வந்ததைச் சோதித்துச் சரிசெய்து மறுபடி விற்பது, வாங்கலாமா என்று கேட்டிருந்தாய். தாராளமாக வாங்கலாம் மாப்பிள்ளை. ஆனால் அந்தப் பெயரில் இரண்டு விதச் சரக்கு வருகிறது. ஒன்று, ஆன்லைனில் வாங்கியவர் மனசு மாறிச் சில நாளில் திருப்பி அனுப்பியது. அதில் பலவற்றில் பழுதே இருக்காது. இன்னொன்று, ஐடி கம்பெனிகள் மூன்று நான்கு வருடம் ஓட்டிவிட்டு மொத்தமாகக் கழித்தது. கடையில் இரண்டும் ஒரே அலமாரியில் இருக்கும். எது எது என்று நீதான் கேட்க வேண்டும்.

எங்கள் கிடங்குக்கு ரிட்டர்ன் வந்ததும் சீரியல் நம்பரை பில்லோடு ஒத்துப் பார்ப்போம். பெட்டி சரியாக இருக்கும், உள்ளே வேறு மெஷின் இருக்கும்! அப்புறம் பழைய ஆளின் கணக்கு நீங்கியதா, டிஸ்க் முழுதும் அழிந்ததா, ஒவ்வொரு கீயும் வேலை செய்கிறதா, திரையைத் தாங்கும் ஹிஞ்ச் (கீல்) ஆடுகிறதா என்று வரிசையாகச் சோதனை. யுஎஸ்பி ஓட்டையிலிருந்து பிஸ்கட் தூளை ட்வீசரால் எடுக்க ஒரு பையன் இருக்கிறான், பல் டாக்டர் தோற்றுப்போவார். உப்பிய பேட்டரியை உடனே தனியே ஒதுக்கிவிடுவோம். கடைசியில் ஏ, பி, சி என்று தரம் போடுவோம். அந்த எழுத்து பெரும்பாலும் கீறலுக்கும் நெளிவுக்கும்தான், அதுவும் ஆளுக்கொரு அளவுகோல். ‘ஏ’ என்றதும் மயங்கிவிடாதே.

தேறாதவை மொத்தம் மொத்தமாக ஏலத்தில் போகும். இரண்டைப் பிரித்து ஒன்றாக்கும் கெட்டிக்காரர்கள் சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி தெருவில் இருக்கிறார்கள்.

அமெரிக்காவில் ஆப்பிள் நிறுவனம் ரீஃபர்பிஷ்டு ஐபோனுக்குப் புது பேட்டரி, புது வெளிக்கூடு போட்டு ஒரு வருட வாரண்டியும் தருகிறது. நீ ஆறு மாதத்துக்குக் குறைந்த வாரண்டிக்குச் சம்மதிக்காதே. மெஷின் வந்த அன்றே விண்டோஸில் பேட்டரி ரிப்போர்ட் எடுக்கச் சொல். புதிதாக இருந்தபோது இருந்த கொள்ளளவும் இப்போது முழு சார்ஜில் நிற்கும் அளவும் அதில் தெரியும். 50,000 mWh (மில்லிவாட்-அவர்) இருந்த இடத்தில் 30,000 காட்டினால் யோசிக்காமல் திருப்பி அனுப்பு. எங்களுக்கும் வேலை வேண்டாமா!

கவிதா எந்தக் கோர்ஸ் சேர்கிறாள் என்று எழுது. கம்ப்யூட்டர் சயின்ஸ் என்றால் 16 ஜிபி ரேம் உள்ளதாகப் பார்க்கலாம், பி.காம். என்றால் 8 போதும்.

அன்புடன்,
ராஜா