எண்ணெய்க் குப்பியைக் கீழே வை

அன்புள்ள சேது,

உன் கடிதம் வந்து ஒன்றரை மாதம் ஆகிறது. பதில் போடாததற்குச் சாக்கு எதுவும் சொல்லப்போவதில்லை. சொன்னால் நீ நம்பவும் மாட்டாய். இங்கே எல்லோரும் சௌக்கியம். பெரியவருக்குக் காது இன்னும் கொஞ்சம் மந்தம், குரல் இன்னும் கொஞ்சம் பலம். நம் சிநேகிதன் ‘ஸ்பானர்’ அதே ஸ்பானர்தான். விசாரிப்பு இத்தோடு போதும்.

நேற்று உன் கடிதத்தை மறுபடி எடுத்தபோதுதான் கடைசி வரி கண்ணில் பட்டது. “பழைய ரெமிங்டன் டைப்ரைட்டரில் எழுத்து ஒன்றின்மேல் ஒன்று ஏறுகிறது, ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து நன்றாக எண்ணெய் விட்டுப் பார்க்கப்போகிறேன்.” வயிற்றைக் கலக்கிவிட்டது. ஆறு ஞாயிறு போய்விட்டதே, பாவி! விட்டுத் தொலைத்துவிட்டாயா? இன்னும் விடவில்லை என்றால் குப்பியைக் கீழே வைத்துவிட்டு மேலே படி. விட்டுவிட்டாய் என்றாலும் படி, துடைக்கிற வழியும் சொல்கிறேன்.

முதலில் உன் புகார். அடிக்கிற எழுத்து கண்ணுக்குத் தெரியவில்லை, காகிதத்தோடு பக்கவாட்டில் நகர்கிற மேல்பாகமான கேரேஜைத் தூக்கிப் பார்த்தால்தான் தெரிகிறது, ஏதோ பாகம் காணாமல் போயிருக்கிறது என்று எழுதியிருக்கிறாய். ஒன்றும் காணாமல் போகவில்லை. அந்த மெஷினே அப்படித்தான். ஷோல்ஸும் கிளிடனும் உருவாக்கி ரெமிங்டன் கம்பெனி 1874-ல் விற்க ஆரம்பித்த முதல் மெஷினிலிருந்தே எழுத்து பொறித்த கரங்களான டைப் பார்கள் எல்லாம், காகிதம் சுற்றுகிற ரோலருக்குக் கீழே ஒரு கூடை மாதிரி வட்டமாகத் தொங்கும். கீயை அழுத்தினால் அதன் லீவர் ஒரு கம்பியை இழுக்கும், கம்பி டைப் பாரின் காலை இழுக்கும், டைப் பார் சுழன்று மேலே போய் ரோலரின் அடிவயிற்றில் அடிக்கும். காகிதத்தின் அந்தப் பக்கம் உனக்கு எப்படித் தெரியும்? மூன்று நான்கு வரி அடித்து ரோலர் சுற்றி வந்தபிறகுதான் எழுத்து முகம் காட்டும். அந்தக் காலத்தில் குருட்டு மெஷின் என்றே இதற்குப் பெயர். முன்பக்கத்திலிருந்து அடித்து எழுத்தைக் கண்ணெதிரே காட்டுகிற அண்டர்வுட் 1890-களிலேயே வந்துவிட்டது. ஆனால் ரெமிங்டன் 1908 வரை இந்தக் கூடையை விடவில்லை. விற்கிற சரக்கை யார் விடுவார்கள்?

அந்த முதல் மெஷினில் ஆங்கிலத்தின் பெரிய எழுத்து மட்டும்தான். சின்ன எழுத்து 1878-ல் ரெமிங்டன் 2-ல் வந்தது. ஒரே டைப் பாரின் தலையில் இரண்டு எழுத்து, ஷிப்ட் அழுத்தினால் ரோலர் கொஞ்சம் நகர்ந்து மற்ற எழுத்துக்கு இடம் கொடுக்கும். உன் மெஷினில் ஷிப்ட் இருக்கிறது என்பதால் அது இந்தப் பரம்பரைதான். ஷிப்ட் அடித்தால் பெரிய எழுத்து மட்டும் வரியிலிருந்து தூக்கிக்கொண்டு நிற்கிறது என்றாயே, அது டைப் பாரின் குற்றமில்லை. ரோலர் போய் நிற்கிற இடத்தில் இரண்டு முனையிலும் தடுப்பு ஸ்க்ரூ இருக்கும். பெரிய ‘எச்’, சின்ன ‘என்’ இரண்டையும் மாற்றி மாற்றி ஒரு வரி அடி. இரண்டின் காலும் ஒரே கோட்டில் நிற்கும்வரை அந்த ஸ்க்ரூவைக் கால் சுற்று, கால் சுற்றாகத் திருப்பு.

இப்போது முக்கிய விஷயம், எழுத்து ஏறுவது. இதற்கு நாய்களைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சிரிக்காதே, மெஷின்காரர்கள் அதை ‘டாக்’ என்றுதான் சொல்கிறார்கள்.

கேரேஜை இடதுபக்கம் இழுக்கிற வேலை ஒரு ஸ்பிரிங் டிரம்முடையது. உள்ளே சுருள் ஸ்பிரிங், வெளியே ஒரு பட்டி, பட்டியின் மறுமுனை கேரேஜில். எந்நேரமும் இழுத்துக்கொண்டே இருக்கும். விட்டால் கேரேஜ் ஒரே ஓட்டமாக ஓடிவிடும். ஓடவிடாமல் பிடித்திருப்பது கேரேஜின் பின்னாலிருக்கும் பல்சட்டமும் அதன் பல்லில் மாட்டிக்கொண்டிருக்கும் நாயும்தான். நாய் இரண்டு. ஒன்று கட்டிப்போட்டது, அசையாது. இன்னொன்று பக்கவாட்டில் ஒரு பல் அளவுக்கு ஆடக்கூடியது, அதற்கென்று தனியாக ஒரு மெல்லிய ஸ்பிரிங் உண்டு. சும்மா இருக்கும்போது பல்லைப் பிடித்திருப்பது ஆடும் நாய்.

நீ எந்தக் கீயை அழுத்தினாலும் லீவர்களுக்குக் கீழே குறுக்கே போகிற ஒரு பொதுச் சட்டம் இறங்கும். அது இறங்கினால் இரண்டு நாயும் சேர்ந்து சாயும். ஆடும் நாய் பல்லைவிட்டு விலகும், அதே நொடியில் கட்டிய நாய் பல்லுக்குள் நுழைந்து கேரேஜைப் பிடித்துக்கொள்ளும். எழுத்து காகிதத்தில் விழும்போது கேரேஜ் நகராமல் நிற்பது இதனால்தான். இதற்குள் சுமை நீங்கிய ஆடும் நாய் தன் ஸ்பிரிங்கால் ஒரு பல் தள்ளிப்போய்க் காத்திருக்கும். நீ விரலை எடுக்கிறாய், கட்டிய நாய் விலகுகிறது, ஆடும் நாய் அடுத்த பல்லைக் கவ்வுகிறது, டிரம் இழுக்கிறது, கேரேஜ் ஒரு எழுத்து அகலம் நகர்ந்து நிற்கிறது. அங்குலத்துக்கு 10 எழுத்து என்றால் அந்த நகர்வு 2.54 மில்லிமீட்டர். இத்தனையும் நீ ஒரு எழுத்து தட்டுகிற நேரத்துக்குள். யோசித்துப் பார், கடிகாரத்துக்கு அடுத்தபடி இத்தனை சின்ன இடத்தில் இத்தனை ஒழுங்கு வேறெதில் இருக்கிறது?

சரி, பரவசம் போதும். எழுத்து ஏறுகிறது என்றால் விரல் எடுத்தபிறகு கேரேஜ் அந்த 2.54-ஐ நேரத்துக்குள் முடிக்கவில்லை என்று அர்த்தம். ஏன் முடிக்கவில்லை என்பதை, எங்கே ஏறுகிறது என்பதே சொல்லிவிடும். நீ அதை எழுதவே இல்லையடா, “ஏறுகிறது” என்று மொட்டையாக விட்டுவிட்டாய்.

வரியின் கடைசியில் மட்டும் ஏறினால் டிரம் ஸ்பிரிங்தான். கேரேஜ் இடதுபக்கம் போகப்போக ஸ்பிரிங் அவிழ்ந்துகொண்டே வரும், வரிக் கடைசியில்தான் அதற்குப் பலம் மிகக் குறைவு. கேரேஜைக் கடைசி நான்கைந்து எழுத்துக்குக் கொண்டுபோய் நிறுத்தி, ஸ்பேஸ் பாரை வேகமாகத் தட்டிப் பார். தயங்கினால் டிரம்மைப் பாதிச் சுற்று முறுக்கு, மறுபடி பார். நகர்வதற்கு வேண்டிய மிகக் குறைந்த முறுக்கு எதுவோ அதுவே போதும். “இருக்கட்டுமே” என்று நீ அளவுக்கு மீறி முறுக்குவாய், எனக்குத் தெரியும். அப்படி முறுக்கினால் நாயும் பல்லும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு தேயும், கேரேஜைத் திருப்பித் தள்ளுவதற்குள் தோள் வலிக்கும், பிறகு எழுத்து ஏறுவதற்குப் பதில் தாண்ட ஆரம்பிக்கும்.

ஒரே எழுத்தில் மட்டும் ஏறினால் அந்த டைப் பார் திரும்பக் கீழே விழவில்லை. அதன் அச்சாணியில் அழுக்கு, அல்லது இழுக்கிற கம்பி வளைந்து பக்கத்துக் கம்பியோடு உரசுகிறது. அது விழாதவரை பொதுச் சட்டமும் முழுதாக மேலே வராது, நாயும் மாறாது.

எங்கே அடித்தாலும், எந்த எழுத்து அடித்தாலும் ஏறினால் இரண்டு இடம் பார்க்க வேண்டும். கேரேஜை நாயிடமிருந்து விடுவிக்கிற ரிலீஸ் லீவரை அழுத்திக்கொண்டு, கேரேஜைக் கையால் பிடித்தபடி மெதுவாக இடதுபக்கம் விட்டுப் பார். எங்கேயாவது முக்கினால் தண்டவாளத்தில் அழுக்கு. வழுக்கிக்கொண்டு போனால் ஆடும் நாய்தான் குற்றவாளி, பழைய எண்ணெயில் ஒட்டிக்கொண்டு ஆட மறுக்கிறது. குறிப்பிட்ட ஓர் இடம் வரும்போதெல்லாம் தாண்டினால் பல்சட்டத்தில் அந்தப் பல் உடைந்திருக்கிறது. அதற்குக் கைவைத்தியம் கிடையாது.

இங்கேதான் உன் எண்ணெய் வருகிறது. எண்ணெய் விட்ட அன்று மெஷின் பட்டு மாதிரி ஓடும், நீயும் ஊருக்கெல்லாம் சொல்லுவாய். பிறகு அந்த எண்ணெயில் காகிதத் தூசி, ரிப்பன் பஞ்சு, அழிப்பான் துகள் எல்லாம் விழும். அழிப்பான் துகள் சாணைத்தூள் மாதிரி, உலோகத்தையே தின்னும். சில மாதத்தில் எண்ணெய் காய்ந்து பிசினாகும். உன் மெஷினில் இப்போது ஒட்டிக்கொண்டிருப்பது யாரோ ஒரு புண்ணியவான் எப்போதோ விட்ட எண்ணெயாகத்தான் இருக்கும். அதன்மேல் இன்னொரு தலைமுறைக்கு விடப்போகிறாயா?

செய்ய வேண்டியது இதுதான். மென்மையான பிரஷ்ஷால் தூசி எடு, மேலிருந்து கீழே. ஊதாதே, தூசி உள்ளேதான் போகும். பிறகு சின்ன பிரஷ்ஷில் கொஞ்சம் வெள்ளைப் பெட்ரோல் தொட்டு டைப் பார் அச்சாணிகளில் ஒவ்வொன்றாகத் தடவு. தடவின கீயை இருபது முப்பது தடவை அழுத்து. கரைந்து வழிகிற கறுப்பைத் துணியில் ஒற்றி எடு. தானாக விழுகிறவரை திரும்பச் செய். ஆடும் நாய்க்கும் இதே குளியல். ஜன்னலைத் திறந்துவை, பக்கத்தில் நெருப்பு எதுவும் வேண்டாம். பெட்ரோலுக்குப் பதில் ஸ்பிரிட் எடுத்தாயானால், பூச்சிலும் பொன்னெழுத்திலும் அது படவே கூடாது, ஒரே துடைப்பில் அலங்காரம் மொத்தமும் துணியோடு வந்துவிடும். அச்சாணிகள் காய்ந்தபிறகு அங்கே எண்ணெய் கிடையாது. கேரேஜ் தண்டவாளத்துக்கு மட்டும் தையல் மெஷின் எண்ணெய் ஒரு துளி, அதுவும் துணியில் தொட்டு இழுத்தால் போதும்.

டிரம் பட்டியைக் கழற்றுகிற வேலை வந்தால் சொல்லிவிட்டுச் செய். டிரம்மை ஒரு கையால் பிடிக்காமல் பட்டியை விட்டால் ஸ்பிரிங் முழுவதும் ஒரே நொடியில் அவிழும். விரலும் போகும், ஸ்பிரிங்கின் உள்கொக்கியும் போகும். அவிழ்க்கும்போது எத்தனை சுற்று என்று எண்ணி எழுதிவைத்துக்கொள். ரிலீஸை அழுத்திவிட்டுக் கேரேஜைக் கைவிடுவதும் அதே பாவம்தான், முனையில் போய் மோதிப் பட்டி அறுந்துபோகும்.

ஒரு வேடிக்கை. நம் தமிழ் மெஷினில் எழுத்தை ஏற்றுவதுதான் வேலையே! புள்ளியை முதலில் அடிப்போம், கேரேஜ் நகராது, அதன்கீழ் ‘க’ அடித்தால் ‘க்’. அந்தப் புள்ளியின் கீ பொதுச் சட்டத்தை அசைக்காதபடி செய்திருப்பார்கள், நாய்களுக்குத் தகவலே போகாது. உன் மெஷின் கோளாறால் செய்வதை இது திட்டம்போட்டுச் செய்கிறது.

இன்னொன்று, உன் காகிதத்தைப் பார்த்துத்தான் சொல்கிறேன். ஆங்கில ‘ஓ’ வருகிற இடமெல்லாம் வட்டமாகக் கிழிந்திருக்கிறது, முற்றுப்புள்ளி எல்லாம் ஓட்டை. நீ கீயை உரலில் குத்துகிற மாதிரி குத்துகிறாய். எழுத்து விரலின் அழுத்தத்தால் விழுவதில்லை, வீச்சில் விழுகிறது. சூடான கல்லைத் தொடுகிற மாதிரி தட்டிவிட்டு எடு. ரோலர் ரப்பரும் இறுகிப்போயிருக்கும், நகத்தால் அழுத்திப் பார், பதியவில்லை என்றால் காகிதத்துக்குப் பின்னால் இன்னொரு தாள் வைத்து அடி. இந்தத் தொல்லையை வேரோடு பிடுங்கினவர் ஹாமண்ட் என்பவர், 1880-களிலேயே. அவர் மெஷினில் எழுத்துத் தகடு சுழன்று வந்து நிற்கும், பின்னாலிருந்து ஸ்பிரிங் சுத்தியல் ஒன்று காகிதத்தை அதன்மேல் அடிக்கும். நீ எப்படிக் குத்தினாலும் சுத்தியலுக்கு ஒரே பலம்தான், எழுத்தெல்லாம் ஒரே கறுப்பு. உன்னை மாதிரி ஆளை மனசில் வைத்துத்தான் செய்திருப்பார்.

‘வேகத்தைக் குறைக்கத்தான் கீ வரிசையை இப்படிக் குழப்பினார்களாமே’ என்று கேட்டிருந்தாய். அந்தக் கதையை நம்பாதே. ஷோல்ஸ் அப்படி எழுதிவைத்த சான்று கிடையாது. டைப் பார்கள் எல்லாம் ஒரே புள்ளிக்கு வந்து அடிப்பதால், திரும்புகிற பாரும் வருகிற பாரும் மோதிக்கொள்வது உண்மை. ஆனால் ஆங்கிலத்தில் ஓயாமல் சேர்ந்து வரும் ‘ஈ’, ‘ஆர்’ இரண்டும் இந்த வரிசையில் பக்கத்தில் பக்கத்தில்தானே உட்கார்ந்திருக்கின்றன? ஸ்பானரிடம் சொல்லாதே, அவன் இதற்கு ஒரு மாதம் சண்டை போடுவான்.

துடைத்து முடித்ததும் ஒரு பக்கம் அடித்து அனுப்பு. முழு வரியாக, வலதுமுனைவரை. எங்கே ஏறுகிறது என்று நானே பார்த்துக்கொள்கிறேன்.

உன்,
ராமு

பி.கு.: பெட்ரோல் ரோலர் ரப்பரில் படக் கூடாது, ஊறி உப்பிவிடும். ரோலரைக் கழற்ற முடிந்தால் கழற்றி வைத்துவிட்டுத் துடை, முடியாவிட்டால் துணியால் இறுகச் சுற்று. எண்ணெய்க்கும் இதுதான்.