டிரெய்லரின் சமையல் மேடைக்குக் கருங்கல் வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காரின் பின்னால் கோத்து இழுத்துச் செல்லும் வீடுபோன்ற வண்டிகளான பழைய டிராவல் டிரெய்லர்களைப் புதுப்பிப்பது குறித்துத் தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். சக்கரம், கூரை, மின்கம்பி பற்றியெல்லாம் பொறுப்புடன் எழுதியிருந்த கட்டுரையாளர், தேய்ந்துபோன சமையல் மேடைக்கு வந்ததும், பழையதைப் பெயர்த்துவிட்டுக் கிரானைட் பதிக்கலாம், இல்லையேல் டைல்ஸ் ஒட்டலாம் என்று இரண்டே வரிகளில் முடித்துவிட்டார். இத்தகைய வண்டிகளின் மரவேலையில் நெடுங்காலமாக ஈடுபட்டு வருபவன் நான். அந்த இரண்டு வரிகளை நம்பி யாரேனும் பலகையைக் கழற்றத் தொடங்கிவிடக் கூடாதே என்ற கவலையில்தான் இதை எழுதுகிறேன்.

வீட்டிலுள்ள மேடை ஓரிடத்தில் நிற்கிறது. டிரெய்லரில் உள்ள மேடையோ வண்டியோடு சேர்ந்து ஓடுகிறது. ஒன்றரை மீட்டர் நீளமும் 55 சென்டிமீட்டர் அகலமும் உள்ள ஒரு சிறிய மேடையை எடுத்துக்கொள்வோம். 18 மில்லிமீட்டர் பிளைவுட்டின் மேல் மைக்கா என்னும் மெல்லிய மேல்தகட்டை ஒட்டினால் அதன் எடை ஏறத்தாழ 10 கிலோ. அதே அளவில் 20 மில்லிமீட்டர் கிரானைட் என்றால் ஏறத்தாழ 45 கிலோ. அந்தக் கூடுதல் 35 கிலோ எங்கே போய் உட்காருகிறது என்பது இன்னும் முக்கியம். பல பழைய டிரெய்லர்களில் சமையலிடம் பின்பக்கம், அதாவது சக்கர அச்சுக்குப் பின்னால் இருக்கிறது. அங்கே பாரம் ஏறினால் காரோடு இணைக்கும் முன்பக்கக் கொக்கியின் மேல் அமரும் எடை குறையும். காரின் பின்னால் கோத்து இழுக்கும் வண்டியின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் கொக்கியின் மேல் இருக்க வேண்டும் என்பது வட அமெரிக்காவில் பொதுவாகப் பின்பற்றப்படும் கணக்கு. அது குறையும்போது, வேகமாகச் செல்கையில் டிரெய்லர் பின்னால் அலைபாயத் தொடங்குகிறது. மேலும், அந்தக் காலத்து அலமாரிகளின் சட்டங்கள் மெல்லிய மரப்பட்டிகளால் ஆனவை. கல்லைத் தாங்கும் எண்ணத்தில் அவற்றை யாரும் செய்யவில்லை. டைல்ஸும் இதற்குத் தீர்வாகாது. சாலையின் ஒவ்வொரு குலுக்கலுக்கும் வண்டியின் கூடு சற்றே முறுகி நெளிகிறது. டைல்ஸுக்கு இடையே பூசிய சாந்துக்கு நெளியத் தெரியாது. அது விரிசல் விடுவதும், அந்த விரிசலில் இறங்கும் தண்ணீர் அடிப்பலகையை ஊறவைப்பதும் காலப்போக்கில் நடந்தே தீரும்.

அந்த வண்டிகளைச் செய்தவர்கள் மேடைக்கு மைக்காவைத் தேர்ந்தெடுத்தது வெறும் சிக்கனத்துக்காக என்று நான் நினைக்கவில்லை. 1912-இல் ஹெர்பர்ட் ஃபேபர், டேனியல் ஓ'கானர் என்ற இருவர் மின்கருவிகளுக்கான காப்புப் பொருளாக உருவாக்கியதிலிருந்து வளர்ந்த தகடு அது. பிசினில் தோய்த்த பழுப்புக் காகித அடுக்குகளின் மேல் வண்ணக் காகிதம் ஒன்றை வைத்து, மெலமைன் பிசினோடு சேர்த்து, மிகுந்த வெப்பத்திலும் அழுத்தத்திலும் இறுக்கிச் செய்யப்படுவது. ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் தடிமன்தான். ஆனால் தண்ணீரையும் கறையையும் தாங்கும், வண்டியோடு சேர்ந்து வளைந்தும் கொடுக்கும். ஆகவே மேல்பரப்பு மங்கிவிட்டது என்பதற்காக மட்டும் அதைத் தூக்கி எறிவது எனக்குச் சம்மதமில்லை.

முதலில் பார்க்க வேண்டியது மேலே அல்ல, அடியில். அலமாரிக் கதவைத் திறந்து, டார்ச் வெளிச்சத்தில் சிங்க்கின் சுற்றுவிளிம்பைக் கீழிருந்து பாருங்கள். அங்கே பலகை கறுத்திருந்தால், அல்லது திருப்புளியின் முனையை மெல்ல அழுத்தும்போது மாவுபோல் உள்ளே இறங்கினால், தண்ணீர் வெகுகாலமாகக் கசிந்திருக்கிறது என்று பொருள். அடுத்து, ஜன்னலுக்குக் கீழே மேடை சுவரோடு சேரும் மூலையைத் தட்டிப் பார்க்க வேண்டும். பல வண்டிகளில் சேதம் சிங்க்கிலிருந்து வருவதில்லை, ஜன்னல் சட்டத்தின் வழியாக இறங்கும் மழைநீரிலிருந்தே வருகிறது. அந்தக் கசிவை அடைக்காமல் எத்தனை அழகான மேடை போட்டாலும் பயனில்லை. முன்விளிம்பில் ஓடும் வரிவரியான அலுமினியப் பீடிங்கையும், அதாவது விளிம்புப் பட்டையையும், கவனிக்க வேண்டும்: அதன் ஆணிகள் துருப்பிடித்துத் தலை தூக்கியிருந்தால், அதற்குப் பின்னாலிருக்கும் மரத்தில் ஈரம் இருக்கிறது.

பலகை உறுதியாக இருந்து, மேல்பரப்பு மட்டும் தேய்ந்திருந்தால் மெருகேற்றினாலே போதும். மங்கல் மட்டும் என்றால் கார்களுக்குப் போடும் மெருகுப் பசை ஓரளவு பளபளப்பைத் திருப்பித் தரும். ஆனால் அது நிலைக்காது, அவ்வப்போது போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். வண்ணம் பூசுவதாக இருந்தால், எண்ணெய்ப் பிசுக்கையும் பழைய சிலிக்கானையும் துளி மிச்சமில்லாமல் எடுத்த பிறகு, 150 அல்லது 220 எண் உப்புத்தாளால் பளபளப்பு மறையும் அளவுக்கு மட்டும் தேய்க்க வேண்டும். அதற்கு மேல் தேய்த்தால் வண்ணக் காகிதம் போய்ப் பழுப்பு நிறம் தெரியத் தொடங்கும்; போன கோலம் திரும்பி வராது. பிறகு வழவழப்பான பரப்பையும் பற்றிக்கொள்ளும் வகையான பிரைமர், அதன் மேல் இரண்டு பொருள்களைக் கலந்து பூசும் எபாக்சி. தொட்டுப் பார்க்கும்போது காய்ந்ததுபோல் தோன்றினாலும், எபாக்சி முழுமையாக இறுகச் சில நாள்கள் ஆகும் என்பதையும், அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரத்தை அதன் மேல் நேரே வைக்கக் கூடாது என்பதையும், ஜன்னல் வெயிலில் அது மஞ்சளாகக்கூடும் என்பதையும் முன்கூட்டியே அறிந்திருப்பது நல்லது. 1950-களின் பூமராங் கோலம் போட்ட மைக்கா யாரிடமேனும் இருந்தால், அதன் மேல் எதையும் பூசாமல் கீறல்களோடு விட்டுவிடுங்கள் என்றுதான் நான் சொல்வேன்.

பலகை ஊறிப்போயிருந்தால் மாற்றத்தான் வேண்டும். இங்கே ஒரு சிக்கல் உண்டு. பழைய வண்டிகள் பலவற்றில் உள் அலமாரிகளை முதலில் பொருத்தி, அதன் பிறகே வெளியே அலுமினியத் தகட்டைப் போர்த்தினார்கள். ஆகவே சில திருகாணிகளின் தலை தகட்டுக்குப் பின்னால் மறைந்திருக்கும். கடப்பாறையால் நெம்பினால் சுவரும் கூடவே வரும். மெல்லிய ரம்பத் தகட்டை இடுக்கில் செலுத்தி அவற்றை அறுப்பதே பாதுகாப்பானது. கழற்றிய பழைய மேடை உடைந்திருந்தாலும் எறியக் கூடாது. சுவர்கள் எதுவும் நேராக இல்லாத அந்த வண்டிக்கு அதைவிட நல்ல அளவுகோல் கிடைக்காது. புதிய பலகைக்குத் தரமான பிளைவுட்டே ஏற்றது. மரத்தூள் பலகை ஒருமுறை நனைந்து உப்பினால் பழைய நிலைக்குத் திரும்பாது. சிங்க்குக்காக வெட்டும் துளையின் மூலைகளைச் செங்கோணமாக விடாமல் வளைவாக வெட்ட வேண்டும், ஏனெனில் மைக்காவின் விரிசல் கூர்மையான உள்மூலையிலிருந்துதான் புறப்படுகிறது. வெட்டிய விளிம்பையும் பலகையின் அடிப்பக்கத்தையும் வார்னிஷ் பூசி மூடுவதைப் பலர் தவிர்த்துவிடுகிறார்கள். கண்ணுக்குத் தெரியாத இந்த வேலைதான் மேடையின் ஆயுளைத் தீர்மானிக்கிறது.

காற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2005-இல் கத்ரீனா புயலில் வீடிழந்தோருக்கு அமெரிக்க அரசு வழங்கிய டிரெய்லர்களில் உடல்நலத்துக்குக் கேடான ஃபார்மால்டிஹைடு வாயு அதிகமாக இருந்ததை அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் ஆய்வு உறுதிப்படுத்தியது. மரப்பலகைகளை ஒட்டும் பிசின் அந்த வாயு வெளிப்படும் முக்கிய வழிகளுள் ஒன்று. சிறிய, மூடிய இடத்துக்குள் வைக்கும் பலகை என்பதால், வாயு வெளியீடு குறைவு என்று சான்று பெற்றதையே வாங்குவது முறை.

இறுதியாக, தங்களிடம் ஒரு வேண்டுகோள். பழைய மைக்காவைப் பெயர்க்கப் பயன்படுத்தும் கரைப்பான்களும், புதியதை ஒட்டும் ரப்பர் பசையும் எளிதில் தீப்பற்றும் ஆவியை வெளிவிடுபவை. பழைய டிரெய்லர்களின் அடுப்பிலும் குளிர்பெட்டியிலும் எப்போதும் எரிந்துகொண்டிருக்கும் சிறு சுடர் இருக்கக்கூடும். எரிவாயு உருளையின் வால்வை மூடி, சுடர் அணைந்ததை நேரில் பார்த்து, கதவு ஜன்னல் எல்லாவற்றையும் திறந்த பிறகே பசை டப்பாவைத் திறக்க வேண்டும். அடுப்பை ஒட்டிய பழைய வெப்பத் தடுப்புத் தகடுகளில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கக்கூடும் என்பதால், சோதித்து அறியாமல் அவற்றை அறுக்கவோ உப்புத்தாளால் தேய்க்கவோ கூடாது. கிரானைட் பற்றிய என் கருத்தைத் தாங்கள் ஏற்றாலும் ஏற்காவிட்டாலும், இந்த இரண்டு எச்சரிக்கைகளையும் அக்கட்டுரையின் அடுத்த பகுதியில் தவறாமல் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் நெடுநாள் வாசகர்