புது லேப்டாப் கேக்கல, இருக்கறத ஓட வைக்கத்தான் உதவி கேக்கறோம்

எல்லாருக்கும் வணக்கம். பள்ளிப் பிள்ளைங்களோட லேப்டாப்ப ரிப்பேர் பண்ணிக் குடுக்கற கமிட்டி சார்பா எழுதறேன்.

போன வாரம் ரிப்பேருக்கு வந்த ஒரு லேப்டாப்ப தொறந்து பாத்தோம். பேட்டரி உப்பிப்போய் டச்பேட மேல தள்ளிட்டு இருந்துச்சு, ஸ்பேஸ் பட்டன் இருந்த எடத்துல வெறும் ரப்பர் குமிழ்தான், அதையும் பென்சில் முனையால அழுத்தி அழுத்தியே ஏதோ ஒரு பிள்ளை டைப் பண்ணியிருக்கு, அந்த ரப்பர்ல பென்சில் கரி அப்பிக் கெடக்கு. பாத்துட்டு ரொம்ப நேரம் யாருமே பேசல.

ஒன் லேப்டாப் பெர் சைல்ட் அமைப்போட கதை உங்கள்ல சில பேருக்கு ஞாபகம் இருக்கும். அமெரிக்காவுல எம்ஐடி பல்கலைக்கழகத்துல இருந்த நிக்கோலஸ் நெக்ரோபான்டே 2005ல, 100 டாலருக்கு குழந்தைங்களுக்கு லேப்டாப்னு அறிவிச்சாரு. அவங்க செஞ்ச எக்ஸ்ஓங்கற அந்த பச்சை வெள்ளை லேப்டாப் நெஜமாவே அருமையான வேலை, வெயில்ல வெச்சாலும் ஸ்கிரீன் படிக்க முடியும், ஒண்ணோட ஒண்ணு வயர்லெஸ்ல நேரா பேசிக்கும். விலைதான் 2007ல 190 டாலர் கிட்ட போயிடுச்சு. பெரு நாடு லட்சக்கணக்குல வாங்கிக் குடுத்துச்சு, ஆனா அங்க 319 கிராமப்புற பள்ளிகள்ல நடந்த ஆய்வு 2012ல வந்தப்போ கணக்குலயும் மொழிப்பாடத்துலயும் பிள்ளைங்க முன்னேறினதா தெரியல. மெஷின் போய் சேந்துச்சு, டீச்சருங்களுக்கு பயிற்சி பத்தல, பெரும்பாலான பள்ளியில இன்டர்நெட்டே இல்ல.

அதே எக்ஸ்ஓ லேப்டாப்தான் உருகுவேக்கும் போச்சு. அவங்க 2007லயே பிளான் சைபால்னு ஒரு அரசு திட்டம் ஆரம்பிச்சு, 2009க்குள்ள அரசு தொடக்கப்பள்ளி பிள்ளைங்க எல்லாருக்கும் குடுத்தாங்க, கூடவே நெட் கனெக்‌ஷன், ரிப்பேர், டீச்சர் டிரெய்னிங்னு எல்லாத்தையும் தொடர்ந்து பாத்துக்கிட்டாங்க. அது இன்னைக்கும் ஓடிட்டு இருக்கு.

அதனாலதான் இந்த தடவ புது மெஷினுக்குன்னு ஒரு பைசா கேக்கல. பேட்டரி, சார்ஜர், கீபோர்டு, ஹார்ட் டிஸ்குக்கு பதிலா அதவிட வேகமா ஓடற எஸ்எஸ்டி, அப்புறம் டீச்சருங்களோட உக்காந்து பாடத்துக்கு ஏத்த மாதிரி சொல்லிக் குடுக்கறதுக்கான செலவு, இவ்வளவுதான். சார்ஜர் வாங்க குடுத்தேன்னு சொன்னா போட்டோ எடுக்க ஒண்ணும் இருக்காதுதான், ஆனா சார்ஜர் இல்லாமத்தான் பாதி லேப்டாப் பீரோவுக்குள்ள தூங்குது.

முடிஞ்சத குடுங்க, சின்ன தொகைன்னு தயங்க வேணாம். வரவு செலவு கணக்கு பில்லோட எல்லாருக்கும் அனுப்பிடுவோம். பணமா குடுக்க முடியலன்னா வீட்ல சும்மா கெடக்கற சார்ஜர், ரேம் குடுங்க. சால்டரிங் தெரிஞ்சவங்க ஒரு ஞாயித்துக்கிழமை வந்தா இன்னும் நல்லது. உப்பின பேட்டரிய மட்டும் தயவு செஞ்சு அனுப்பாதீங்க, தீப்பிடிக்கும்.