புகார்: வாட்ச் கட்டியிருந்தால் ஹெல்மெட் ஹெட்செட்டில் அழைப்பு கேட்பதில்லை

வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஹெல்மெட் ஹெட்செட் இரண்டு வாங்கினேன். ஒன்று எனக்கு, இன்னொன்று பின்னால் உட்காரும் என் மனைவிக்கு. மருந்து விற்பனைப் பிரதிநிதியான நான் வாரம் மூன்று நாள் மதுரையிலிருந்து தேனிக்கு பைக்கில் போய் வருகிறேன். வண்டி ஓட்டும்போது போனைக் கையில் எடுக்கவே கூடாது என்றுதான் இதை வாங்கினேன். அழைப்பது யார் என்று கேட்டுவிட்டு, ஓரமாக நிறுத்திப் பேசுவேன்.

பேசும் வசதியுள்ள ஸ்மார்ட் வாட்ச் ஒன்றைக் கட்டிய பிறகுதான் தொல்லை ஆரம்பித்தது. ஒருநாள் உசிலம்பட்டி தாண்டி, ஆண்டிபட்டி கணவாய்க்கு முன்னால் அழைப்பு வந்தது. எடுத்தேன். காதில் சத்தமே இல்லை. என் மனைவியின் குரல் ஜெர்கின் கைக்குள்ளே, வாட்சில் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது. காற்றுச் சத்தத்தில் எனக்கு எதுவும் புரியவில்லை. அப்பா மயங்கி விழுந்ததைச் சொல்ல மூன்று முறை அழைத்திருக்கிறாள். ஆண்டிபட்டியில் நிறுத்திப் போனைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. அப்பா இப்போது நலமாக இருக்கிறார். ஆனால் அந்த நாளை என்னால் மறக்க முடியவில்லை.

உங்கள் உதவி மையத்தில் ஹெட்செட்டை ரீசெட் செய்யச் சொன்னார்கள். செய்தேன். மனைவியின் ஹெட்செட்டோடு இருந்த இன்டர்காம் இணைப்பும், அதாவது ஓட்டும்போது நாங்கள் இருவரும் பேசிக்கொள்ளும் இணைப்பும், சேர்ந்து அழிந்தது. அழியும் என்று யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. அப்புறம் சர்வீஸ் சென்டரில் 11 நாள் வைத்திருந்து, "பழுது இல்லை" என்று எழுதி, 350 ரூபாய் வாங்கிக்கொண்டார்கள். கடைசியில் கிடைத்த பதில், "ஓட்டும்போது வாட்சைக் கழற்றிவிடுங்கள்." பெட்டியிலோ எல்லா ப்ளூடூத் சாதனங்களுடனும் ஒத்துழைக்கும் என்று அச்சிட்டிருக்கிறீர்கள்.

காரணத்தை நானே சோதித்துக் கண்டுபிடித்தேன். என் ஆண்ட்ராய்டு போனைப் பொறுத்தவரை, பேசும் வாட்சும் உங்கள் ஹெட்செட்டும் இரண்டுமே 'ஹேண்ட்ஸ்-ஃப்ரீ' (போனைக் கையில் எடுக்காமல் பேச உதவும்) சாதனங்கள்தான். எது கடைசியாக இணைகிறதோ அதற்கே குரலை அனுப்புகிறது. போனையும் ஹெல்மெட்டையும் பைக்கிலேயே விட்டுவிட்டு டீக்கடைக்குப் போனால் வாட்சின் இணைப்பு அறுகிறது. திரும்பி வந்ததும் வாட்ச் மறுபடி இணைந்து, குரலைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது. காலையில் சரியாக இருந்தது டீ குடித்த பிறகு கெட்டுப்போவது இதனால்தான்.

தீர்வு ஒரு நிமிட வேலை. போனின் ப்ளூடூத் அமைப்பில் வாட்சின் பெயருக்குப் பக்கத்திலுள்ள பற்சக்கரக் குறியைத் தொட்டு, 'அழைப்புகள்' என்பதை மட்டும் அணைத்தால் போதும். செய்தி வந்தால் வாட்ச் அதிர்வது அப்படியே இருக்கிறது, குரல் ஹெல்மெட்டுக்கு வருகிறது. என் நண்பரின் ஐபோனில் இந்த சுவிட்ச் இல்லை. அவருடைய வாட்ச் அழைப்புக்கென்று தனிப் பெயரில் இணைந்திருந்ததால், அந்த இணைப்பை மட்டும் நீக்கிச் சரிசெய்தோம்.

இது உங்கள் பொறியாளர்களுக்குத் தெரியாமல் இருக்காது. பிறகு ஏன் கையேட்டில் ஒரு வரிகூட இல்லை?

350 ரூபாயைத் திருப்பித் தாருங்கள். இந்த வழிமுறையைத் தமிழிலும் அச்சிட்டுப் பெட்டிக்குள் வையுங்கள். ரீசெட் செய்தால் இன்டர்காம் இணைப்பும் போகும் என்பதை உதவி மையத்தினர் முதலிலேயே சொல்ல வேண்டும். பெட்டியிலுள்ள அந்த வாசகத்தையும் திருத்துங்கள். 15 நாளுக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவு செய்வேன். ரசீதும் சர்வீஸ் சென்டர் சீட்டின் நகலும் இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
மதுரை