உனக்கு என்ன வேண்டும்?

அன்புள்ள சேது,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. தாமதத்துக்கு என் முழங்கால் வலியின் மேல் பழி போடலாம். உண்மை என்னவென்றால், நீ கேட்டதற்கு உடனே பதில் எழுத வரவில்லை. "மருந்துக்கே காசில்லாமல் எத்தனையோ பேர் தவிக்கும்போது, நோயாளிக் குழந்தைகளின் ஆசையை நிறைவேற்றுகிற அமைப்புக்கு நான் ஏன் பணம் அனுப்ப வேண்டும்?" என்று கேட்டிருந்தாய். வேலையற்றுப் போய் நான் அங்கே தொண்டு செய்கிறேன் என்று ஒரு குத்தல் வேறு.

நீ மட்டும் கேட்கவில்லை. 2013 நவம்பரில் சான் பிரான்சிஸ்கோவில், ரத்தப் புற்றுநோயிலிருந்து மீண்டுகொண்டிருந்த ஐந்து வயதுப் பையனை, மேக்-எ-விஷ் என்ற அமெரிக்க அமைப்பு அவன் ஆசைப்படி ஒருநாள் குட்டி பேட்மேன் ஆக்கியது. வேடிக்கை பார்க்க ஆயிரக்கணக்கானோர் தெருவில் திரண்டார்கள். அடுத்த மாதமே பீட்டர் சிங்கர் என்ற தத்துவப் பேராசிரியர் எழுதினார்: ஒரு ஆசைக்குச் சராசரியாக ஆகும் செலவு 7,500 டாலர், மலேரியா இருக்கும் இடங்களுக்குக் கொசுவலை வாங்க அதைக் கொடுத்தால் சில குழந்தைகள் உயிரோடிருப்பார்கள். கணக்கில் தப்பு சொல்ல முடியாது. நானும் கொசுவலைக்குத் தனியாக அனுப்புகிறேன். ஆனால் போன வருஷம் பேத்திக்கு சைக்கிள் வாங்கினாயே, அப்போது உனக்குக் கொசுவலை ஞாபகம் வந்ததா? சும்மா கேட்டேன், கோபித்துக்கொள்ளாதே.

இன்னொன்று. நீ இதைக் "கடைசி ஆசை" என்று எழுதியிருந்தாய். அந்தச் சொல் எனக்குப் பிடிக்கவில்லை. தூக்குத் தண்டனைக் கைதியிடம் கேட்பது அது. அமெரிக்காவில் மேக்-எ-விஷ் அமைப்பின் விதியில் அப்படி ஒன்றும் இல்லை. இரண்டரை வயது முடிந்திருக்க வேண்டும், பதினெட்டு நிறைந்திருக்கக் கூடாது, நோய் உயிருக்கு ஆபத்தானது என்று சிகிச்சை பார்க்கும் டாக்டர் சொல்ல வேண்டும். முக்கியமானவை இவைதான். அப்புறம் குணமாகி வளர்ந்து பெரியவர்களானவர்கள் நிறையப் பேர்.

அந்த அமைப்பின் தொடக்கம் என்னவோ சாவின் பக்கத்தில்தான் நடந்தது. அரிசோனாவில் கிறிஸ் என்ற ஏழு வயதுப் பையனுக்கு ரத்தப் புற்றுநோய். நெடுஞ்சாலைப் போலீஸ்காரனாக வேண்டும் என்பது அவன் ஆசை. 1980 ஏப்ரல் 29 அன்று அவனை ஹெலிகாப்டரில் ஏற்றி, பதவிப் பிரமாணம் செய்துவைத்தார்கள். அப்புறம் அவன் அளவுக்கே சீருடையும் தைத்துக் கொடுத்தார்கள். பேட்டரி மோட்டார் சைக்கிளை ஓட்டிக் காட்டித்தான் மோட்டார் சைக்கிள் படைக்கான சிறகு பேட்ஜுக்குத் தகுதி பெற்றான். சும்மா தூக்கிக் கொடுத்துவிடவில்லை பார், பரீட்சை வைத்தார்கள்! எனக்கு இந்தக் கதையில் பிடித்த இடமே அதுதான். மே 3ஆம் தேதி அவன் போய்விட்டான். அவனுக்காக அலைந்த ஃபிராங்க் ஷாங்க்விட்ஸ் என்ற போலீஸ்காரரும் மற்றவர்களும் அதே வருஷம் அந்த அமைப்பைத் தொடங்கினார்கள்.

நான் போகிற இடம் இவ்வளவு பெரியதில்லை. இரண்டிரண்டு பேராகப் போவோம். ஒருவர் அப்பா அம்மாவிடம் பேசிக்கொண்டிருப்பார், மற்றவர் குழந்தையிடம். ஏன் தெரியுமா? "உனக்கு என்ன வேண்டும்?" என்று கேட்டதும் பிள்ளை முதலில் அம்மா முகத்தைத்தான் பார்க்கும். பல மாதமாக எந்தக் கையில் ஊசி, எப்போது சாப்பாடு, யார் உள்ளே வரலாம், எல்லாமே வேறு யாரோ தீர்மானித்தது. திடீரென்று அதனிடமே கேட்டால் திணறிப்போகிறது.

ஒன்பது வயதுப் பையன் ஒருவன் முதல் நாள் "செல்போன்" என்றான், அப்பாவை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே. அது அப்பாவின் ஆசை என்று எங்களுக்குப் புரிந்துவிட்டது. மூன்றாவது முறை போனபோது, தலையணையைக் கட்டிக்கொண்டு மெல்லச் சொன்னான்: "நான் ஒருநாள் டாக்டர். அவங்க எல்லாரும் நோயாளி." கோட்டு தைத்து, வார்டில் எல்லோரிடமும் அனுமதி வாங்க ஐந்து வாரம் ஆனது. அந்த ஐந்து வாரமும் சுவரில் கோடு போட்டு எண்ணிக்கொண்டிருந்தானாம். பெரிய டாக்டரை நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு, "இரண்டு மணி நேரம் தூங்கணும், யார் கூப்பிட்டாலும் எழுந்திருக்கக் கூடாது" என்று மருந்துச்சீட்டு எழுதினான். ராத்திரி ஊசி போடும் நர்சுக்கு மட்டும் மூன்று ஊசி. அதை எழுதும்போது அவன் முகத்தில் ஒரு திருப்தி இருந்ததே!

எல்லாம் இப்படி நடப்பதில்லை. என் முதல் வருஷத்தில், உறுதியாகும் முன்பே ஒரு பெண்ணிடம் "அந்த விளையாட்டு வீரர் உன்னைப் பார்க்க வருகிறார்" என்று உளறிவிட்டேன். அவர் வரவில்லை. அவள் அழவில்லை, "பரவாயில்லை அங்கிள்" என்று எனக்குச் சமாதானம் சொன்னாள். அதற்கு அவள் அழுதிருக்கலாம். இப்போதெல்லாம் வாய் திறப்பதற்கு முன் பத்து தடவை யோசிக்கிறேன்.

ஒஹாயோவில் ஒரு குழந்தைகள் மருத்துவமனையில் ஆசை நிறைவேறிய 496 பேரையும், நிறைவேறாத அதே அளவு பேரையும் இரண்டு வருஷம் ஒப்பிட்டுப் பார்த்தார்களாம். நிறைவேறியவர்களில் திடீரென்று ஆஸ்பத்திரியில் சேர வேண்டி வந்தவர்கள் குறைவு. ஆசைதான் காரணம் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். கொஞ்சம் தெம்பாக இருந்த குடும்பங்கள்தான் ஆசையைச் சொல்லவே முன்வந்தனவோ என்னவோ. உன்னிடம் இதை வைத்து வாதாடப் போவதில்லை.

சரி, பணம் அனுப்புவதும் அனுப்பாததும் உன் இஷ்டம். வருஷக் கணக்கைக் கேட்டு வாங்கிப் பார்த்துவிட்டு அனுப்பு. ஆனால் உன்னிடம் எனக்கு வேறொன்று வேண்டும். இப்போது பதினொரு வயதுப் பெண் ஒருத்தியைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். கடிகாரம் வாங்கித் தருகிறோம் என்றால் வேண்டாம் என்கிறாள். தானே பாகங்களைச் சேர்த்துப் பூட்டி, தானே சாவி கொடுத்து, அது ஓட வேண்டுமாம். எனக்குக் கடிகாரத்தில் மணி பார்க்கத்தான் தெரியும். நீயோ முப்பது வருஷம் அதன் வயிற்றைத் திறந்து பார்த்தவன். கண்ணில் செருகிக்கொள்வாயே அந்தக் கண்ணாடி, இன்னும் இருக்கிறதா? அவள் விரல் அடிக்கடி நடுங்கும், அதனால் பெரிய பல்சக்கரம் உள்ள சுவர்க் கடிகாரமாக இருந்தால் நல்லது. பாகங்களைக் கிருமி போகத் துடைத்து எடுத்து வர வேண்டும். முகக்கவசம் நாங்கள் தருவோம்.

வியாழக்கிழமை அவளுக்குச் சிகிச்சை, வெள்ளி சனி சோர்ந்து கிடப்பாள். திங்களா புதனா, எது உனக்குத் தோது என்று எழுது. அவளிடம் நான் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.

உன்,
ராகவன்